மாமா எண்ணாத பருந்துகள்

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். படித்தவன் என்ற திமிர் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. எழுபதுகளின் நடுவில், அந்தத் திமிரோடுதான் மரக்காணத்து உப்பளத்தில் பருந்து எண்ணும் வேலைக்குப் போனேன். அங்கே என் அக்காள் கணவரின் பெயரைக் கெடுத்தேன். இன்றுவரை அதைச் சரிசெய்ய முடியவில்லை. சரிசெய்ய விடாதவர் அவரேதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அந்தச் சமாதானம் பாதி வழிக்குத்தான் வரும்.

மெட்ராஸிலிருந்து பறவை ஆராய்ச்சி செய்யும் ஒருவர் வந்திருந்தார். ஊரில் அவருக்குப் ‘பருந்து சார்’ என்று பெயர். பனிக்காலத்தில் வடக்கே எங்கிருந்தோ வரும் பூனைப்பருந்துகள், உப்பளத்தைத் தாண்டி, கழுவெளி ஏரி ஓரத்துப் புல்லில் தரையிலேயே இரவு தங்கும். மாசி, பங்குனியில் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே திரும்பிவிடும். தினமும் மாலையில் எத்தனை வந்து இறங்குகின்றன என்று எண்ணிவைத்தால், அவை எப்போது கிளம்புகின்றன என்பது தெரிந்துவிடும் என்றார் சார்.

“வேலையத்த வேலை” என்று ஊர் சிரித்தது. சாருக்கோ இந்த வேலைக்கு ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எண்ணியதை இன்னொருவரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். எழுதத் தெரிந்தவன் என்று என்னையும், வரப்பெல்லாம் அத்துப்படி என்று அக்காள் கணவரையும் பிடித்துப் போட்டார்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டுவது அவர் வேலை. அதே உப்பளத்தில் அக்காள் கூடையில் உப்பு சுமந்தாள். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காரியத்தில் மட்டும் கறார். முந்தின வருஷம் அங்கே உப்பு வாரிய ஒரு அம்மாள் கண் மங்கிப்போய், வாரி வைத்திருந்த உப்பின்மேலேயே நடந்துவிட்டாள். “வீட்ல போய் இரும்மா” என்று அன்று மாலையே அனுப்பிவிட்டார். ஒரு வசவுகூட இல்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாளை நாங்கள் மாதா கோயில் வாசலில் கையேந்திக்கொண்டிருக்கத்தான் பார்த்தோம். உப்பில் கால் வெடித்துப் புண்ணாவதற்கு யாரும் பயப்படவில்லை. அந்த வெள்ளை வெயிலில் கண் போய்விடுமோ என்றுதான் எல்லோரும் பயந்தார்கள்.

சார் எங்கள் இருவருக்கும் கைக்குள் அடங்குகிற மாதிரி ஆளுக்கொரு மெஷின் கொடுத்தார். கட்டைவிரலால் ஒரு முறை அமுக்கினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு ஓர் எண் ஏறும். வரப்பின்மேல் பத்தடி இடைவெளி விட்டு நிற்க வேண்டும், பேசக்கூடாது, ஒரு பருந்து புல்லில் இறங்கினால் ஒரு தடவை அமுக்க வேண்டும். இருட்டியதும் இரண்டு மெஷின் எண்ணையும் நான் நோட்டில் எழுதுவேன். முதல் சில வாரங்கள் இரண்டு எண்களும் ஒட்டியே வந்தன. சார் நோட்டைப் புரட்டிப் பார்த்து, “பிரமாதம்பா” என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

மாசி பாதியில் ஒரு நாள். வானத்தில் ஒன்றுமே இல்லை. முதுகு அரிக்கிறதென்று கையைப் பின்னால் கொண்டுபோனபோது விரல் தவறிப் பட்டு என் மெஷின் டிக் என்றது. உடனே மாமாவின் மெஷினும் டிக் என்றது.

திரும்பிப் பார்த்தேன். மாமா கழுவெளிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். சந்தேகம் தீர இன்னொரு தடவை சும்மா அமுக்கினேன். அவரும் அமுக்கினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய மனிதர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார், அதில் இந்த ஆள் சும்மா நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. தனியாகக் கூப்பிட்டு, “என்ன மாமா இது?” என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. நான் சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் சார், தங்கியிருந்த திண்டிவனத்திலிருந்து ஜீப்பில் வருவார்.

அந்தச் சனிக்கிழமை வேடிக்கை பார்க்க முதலாளியும் வந்துவிட்டார். வேலை முடித்துத் திரும்பிய ஆட்களும் கூடையோடு நின்றார்கள். அக்காளும் நின்றாள். அன்று இறங்கியவை பத்தொன்பது. பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த சாரும் பத்தொன்பது என்றார். என் மெஷினில் இருபத்தொன்பது இருந்தது. மாமாவின் மெஷினை வாங்கிக் காட்டினேன். அதிலும் இருபத்தொன்பது.

“சார், நான் வேணும்னேதான் பத்து தடவ சும்மா அமுக்கினேன். இவரு பருந்தப் பாக்கறதே இல்ல சார். நான் அமுக்கற சத்தத்தக் கேட்டு அமுக்கறாரு. இத்தினி நாளா எல்லாம் ஏமாத்து!”

மாமா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா சார். சோம்பேறித்தனம்தான். தப்பு” என்றார்.

சார் நோட்டை வாங்கி, மாமாவின் எண்கள் இருந்த பக்கங்களில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “பருந்துல ஏமாத்துனா ஏமாத்திட்டுப் போய்யா. உப்புல ஏமாத்தாத!” கூட்டமும் சிரித்தது. அக்காள் காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். மானம் போய்விட்டதென்று நிற்கிறாள் என்று நினைத்தேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து மாமாவுக்குப் ‘பருந்து’ என்றே பெயர் ஆகிவிட்டது. டீக்கடையில், “ஏம்பா பருந்து, இன்னிக்கு எத்தினி?” என்பார்கள். “நேத்து வந்ததுதான்” என்று அவரும் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருடைய மகள்களின் பின்னால் ‘டிக் டிக்’ என்று கத்திக்கொண்டு ஓடினார்களாம். சின்னவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டேன். நடந்ததைத்தானே சொன்னேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அதன்பிறகு நான் தனியாகத்தான் எண்ணினேன். பங்குனி பிறந்ததும் தினம் இரண்டு மூன்று பருந்துகள் குறைந்தன. துணைக்கு ஆளில்லாமல், குறைந்துகொண்டே வருகிற ஒன்றை எண்ணிக்கொண்டு நிற்பது நல்ல வேலையில்லை. வீட்டுக்குத் திரும்பினால் சோறு இறங்காது.

அப்படி ஒரு மாலையில் பழுப்புநிறப் பருந்து ஒன்று புல்லுக்குப் போகாமல் வரப்பின்மேலேயே உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அதை நோக்கி நேராக வந்தார். வேண்டுமென்றே விரட்டுகிறார், என்மேல் இருக்கும் கடுப்பைப் பருந்திடம் காட்டுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அது அவர் முழங்காலை உரசுகிற மாதிரி எழும்பியது. மாமா அலறி, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பருந்து போய்விட்டது. மாமா மெல்லக் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளால் தரையைத் தடவினார். மண்வெட்டி அவருக்கு ஒரு முழம் தள்ளி, பட்டப்பகல் போல வெளிச்சம் இருந்த இடத்தில்தான் கிடந்தது. வெகுநேரம் தடவித்தான் எடுத்தார். பிறகு எழுந்து, இடது காலைப் பக்கவாட்டில் நகர்த்தி வரப்பின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

பூசையில் சாமியாரிடம் நற்கருணை அப்பம் வாங்கப் போகும்போது அவர் சின்னவளின் தோளில் கைபோட்டுக்கொண்டு போவார். பெண்பிள்ளைமேல் எவ்வளவு பாசம் பார் என்று கோயிலில் பேசிக்கொள்வோம். அன்று எத்தனை பருந்து இறங்கியது என்று எனக்குத் தெரியாது. நோட்டில் கேள்விக்குறி போட்டேன்.

குருத்தோலை ஞாயிறு முடிந்து, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றேன். ஒரு மனிதனின் பெயரை ஊர் முன்னால் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

“பொய் சொன்னியா?”

“உண்மைன்னு நெனச்சி சொன்னேன் சாமி.”

“இப்ப உண்மை இல்லேன்னு தெரியுதில்ல? எந்த ஜனங்க முன்னாடி கெடுத்தியோ அதே ஜனங்க முன்னாடி அந்தப் பேரைத் திருப்பிக் குடு. அதுக்கப்புறம் நற்கருணை வாங்கு.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்துவிட்டது. மறுநாள் காலை நேராக உப்பளத்துக்குப் போனேன். மாமா முழங்கால் தண்ணீரில் வாய்க்கால் ஓரமாக மண் அணைத்துக்கொண்டிருந்தார். அருகில் யாரும் இல்லை.

“மாமா, எனக்குத் தெரிஞ்சிடுச்சி.”

என்ன தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. கை மட்டும் நின்றது.

“எப்போலேருந்து மாமா?”

“ஒண்ணு போயி ரெண்டு வருசமாவுது. தை மாசத்துலேருந்து இன்னொண்ணும். பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில நரம்புன்னுட்டாங்க. ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

“அப்புறம் எதுக்குப் பருந்து எண்ண வந்தீங்க?”

“மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்கல்ல மச்சான்? சும்மா நின்னுகினு பாக்கற வேலைய, கண்ணு இருக்கறவன் எவனாவது வேணாம்பானா?”

சாமியார் சொன்னதைச் சொன்னேன். முதலாளியையும் சாரையும் ஆட்களையும் கூட்டி, மாமா ஏமாற்றவில்லை, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லப்போவதாகச் சொன்னேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

“வேணாம்” என்றார் மாமா. “இந்தப் பாத்தியெல்லாம் எனக்குக் காலாலயே தெரியும். வாயில வச்சுப் பாத்தா தண்ணி எந்தப் பதம்னு தெரியும். இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டா பெரியவ கூடை தூக்க ஆரம்பிச்சிடுவா. அதுவரைக்கும் இப்பிடியே இருக்கட்டும். ஏமாத்துக்காரன்னா, அவனுக்குக் கண்ணு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அந்தப் பேர எங்கிட்டேருந்து புடுங்கிடாத.”

பெரியவளுக்கு அப்போது பத்து வயது. நான் திரும்பி வந்தேன். அந்த ஈஸ்டருக்கு எல்லோரும் எழுந்து நற்கருணை வாங்கப் போனபோது நான் மட்டும் இடத்திலேயே இருந்தேன். சாமியார் ஒரு தடவை என்னைப் பார்த்தார். ஊர் அதற்கும் என்னென்னவோ காரணம் கண்டுபிடித்தது.

ஈஸ்டர் வாரத்தில் புல்லில் ஒரு பருந்தும் இறங்கவில்லை. எல்லாம் போய்விட்டன. மெஷின்களையும் நோட்டையும் சாரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் காலையிலேயே உப்பளத்துக்குப் போய் ஜீப்புக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கூச்சல் கேட்டது.

முந்தின நாள் ஒரு வரப்பை வெட்டி இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. பார்த்தாலே தெரிகிற விஷயத்தை யார் சொல்வார்கள்? அவர் வழக்கம்போலக் காலால் எண்ணி நடந்து மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர், உப்பு விளைந்து வாரத் தயாராக இருந்த பாத்திக்குள் பாய்ந்துவிட்டது. முதலாளி ஓடிவந்தார். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடினார்கள். மாமா தண்ணீர் ஓடும் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பி நின்றார்.

முதலாளி வைய வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். மாமாவின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“ஏன்யா, எதிர்க்க உப்பு வெள்ளையா கெடக்குது, தெரியல? கண்ணு கிண்ணு போயிடுச்சா ஒனக்கு?”

சோதித்துப் பார்க்க அவர் கை மாமாவின் முகத்துக்கு நேராக எழும்பியது. எனக்கு அந்தக் கை ஒன்றுதான் தெரிந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“அவருக்கா மொதலாளி? கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஒடம்பு வணங்காது, அதான். பருந்து விசயத்துல நீங்களே பாத்தீங்கல்ல? இங்கயும் அதே ஏமாத்துதான். எங்கியோ பராக்கு பாத்துகினு தெறந்து வுட்டிருப்பாரு!”

முதல் தடவையைவிட உரக்கச் சொன்னேன். முதலாளியின் கை பாதியில் நின்றது. ஆனாலும் கீழே இறங்கவில்லை.

அப்போது அக்காள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“வூட்லயும் இப்பிடித்தான் மொதலாளி” என்றாள். “பக்கத்துல இருக்கற சொம்பக் கூட எடுக்க மாட்டாரு. நான்தான் கையில எடுத்துக் குடுக்கணும். சோம்பேறி. சரியான சோம்பேறி.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சனிக்கிழமை அவள் ஏன் வாய் திறக்காமல் நின்றாள் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

முதலாளியும் சிரித்துவிட்டார். கையை இறக்கி, “பருந்து, இன்னொரு தடவ இப்பிடிப் பண்ண, தோல உரிச்சிடுவேன்” என்று வைதுவிட்டுப் போனார். மாமாவின் வேலை தப்பியது. “சரிங்க மொதலாளி” என்று பல்லைக் காட்டிக்கொண்டே மாமா குனிந்து மடையை அடைத்தார்.

ஆட்கள் கலைந்தார்கள். அக்காள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாமாவைத் தாண்டி, என்னையும் தாண்டிப் போனாள். முகமெல்லாம் கண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விசும்பல் இல்லை, மூச்சுகூட மாறவில்லை. மாமாவுக்குக் கேட்காமல் அழ அவள் எப்போதோ பழகியிருந்தாள்.