அந்தோனியாரிடம் நான் கேட்ட பெயர்கள்

ஆண்டவரில் அன்பானவர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால், பெற்ற உதவிக்கு நன்றி கெட்டவனாவேன்.

போன வருடம் ஐப்பசிக் கடைசி. மரித்த விசுவாசிகளின் நினைவு நாளுக்கு ஒரு வாரமே இருந்தது. எங்கள் தலைமன்னார்ப் பங்கில் அன்றைய பூசையில் இறந்தவர்களின் பெயர்களை ஃபாதர் வாசிப்பார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், சண்டையில் போனவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் வருவார்கள். பெயர்களைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடுவதுதான் வழக்கம். “இந்தக் காலத்திலயும் துண்டோ ஃபாதர்?” என்று சிரித்து, அதற்கொரு இணையப் பக்கம் செய்து கொடுத்தவன் நான். பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

என் தொழில், இணையப் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்தைச் செய்வது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி ஒன்றுதான் தெரியும். இன்னொரு மொழி எதற்கு என்று வாய் கிழியப் பேசுவேன். அடம்பனில் இருந்து என்னோடு வேலை செய்யும் ஜெசிந்தா, பைதன் என்ற இன்னொரு கணினி மொழி படித்தவள். “அண்ணா, பேருகளைச் சேர்த்து வைக்கிற பின்பக்கத்தை நான் எழுதித் தாறன்” என்று தானாகவே வந்தாள். ஒரு பட்டனை அழகாக வைக்கத் தெரியாதவள் என்று பலர் முன்னால் அவளை நக்கலடித்தேன். பின்பக்கத்தைப் பிறகு பார்ப்போம் என்று, தட்டிய பெயர் தட்டியவரின் போனுக்குள்ளேயே தங்கும்படி விட்டேன். திரையில் மட்டும் ‘பெயர் சேர்க்கப்பட்டது’ என்று பூப்போட்டு வந்தது.

ஃபாதர் பட்டியலைக் கேட்டார். என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தோனியார் சுருவத்தின் முன் முழங்காலில் நின்றேன். காணாமல் போனதைத் தேடித் தருபவர் அல்லவா? “பெயர்கள் கிடைக்க வேண்டும், ஆனால் ஒருவருக்கும் தெரியக்கூடாது” என்று மன்றாடினேன். எவ்வளவு கேவலமான செபம்!

எழுந்தபோது ஜெசிந்தாவின் நினைவைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அழைத்தேன். அவள் குத்தி ஒரு வார்த்தை பேசவில்லை.

“பேர் ஒண்டும் துலையேல்லை அண்ணா. பின்பக்கத்தை நான் எழுதுறன். ஆக்கள் அதே போனில பக்கத்தைத் திரும்பத் திறந்தால் எல்லாம் வந்திடும். ஆனா ஏன் எண்டதைச் சனத்திட்ட நீங்கள்தான் சொல்லோணும்.”

ஞாயிறு பூசை முடிவில் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. கோயில் முற்றத்தில் போனைத் திறந்தபடி நின்றார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அடம்பனில் இருந்து வந்து, பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா மெல்லக் கேட்டாள்.

“அண்ணா, உங்கட அப்பாட பேரைக் காணேல்லையே?”

என் போனில் இருந்தவை, பரிசோதிக்க நான் தட்டிய அ, ஆ, இ மட்டும்தான். பெற்ற தகப்பனை நான் நினைக்கவே இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு ஒரு துண்டு கேட்டு வாங்கி அப்பாவின் பெயரை எழுதினேன். நினைவு நாள் பூசையில் ஃபாதர் அதைக் கடைசியாக வாசித்தார்.

இப்போது ஜெசிந்தாவிடம் பைதன் படிக்கிறேன். சின்னப் பிழைக்கும் திட்டு விழுகிறது. முன்பக்க வேலை செய்யும் தம்பி, தங்கைமாரே, இன்னொரு மொழியையும் படியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி உதவி கேளுங்கள். அந்தோனியார் என் மானத்தைக் காப்பாற்றவில்லை, பெயர்களைத்தான் காப்பாற்றினார். அவருக்குக் கோடி நன்றி.

இந்த வருடம் பெட்டியும் வாசலில் இருக்கிறது, பக்கமும் இருக்கிறது. பக்கத்தில் முதலாவதாகப் பதிந்திருப்பது என் அப்பாவின் பெயர். உங்கள் பெயர்களையும் நம்பித் தாருங்கள்.