சாரம் கட்டிய கோபுரத்தின் நிழல்

எங்கள் ஊர் சிவன் கோயிலைக் கட்டியவன் கணக்கில் கெட்டிக்காரன். பங்குனியில் சில நாள் காலை வெயில் வாசல் வழியே நேராகக் கருவறைக்குள் போய் லிங்கத்தின் மேல் விழும். அதைப் பார்க்க வில்லியனூரிலிருந்தெல்லாம் வருவார்கள். பயிர் வைத்த எங்களுக்கோ சாய்ந்த வெயில்தான் முக்கியம். கோபுரத்து உச்சிக் கலசத்தின் நிழல் கிழக்கே நீண்டு, வாய்க்கால் கரையில் நட்ட கல்லைத் தொட்டால் தண்ணீர் முறை மாறும். நிழல் மாதத்துக்கு மாதம் நகரும் என்பதால் பருவத்துக்கு ஒரு கல். அதுவரை மடை எங்களுக்கு. அதற்குப் பிறகு என் கணவரின் அண்ணனுக்கு, அதாவது என் மூத்தாருக்கு. வீட்டில் கைக்கடிகாரம் இருந்தது. அதை நம்பி யாரும் மடை அடைத்ததில்லை.

எழுபதுகளில் ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பாகூர் ஏரித் தண்ணீர் வாய்க்காலில் நூலாகத்தான் வந்தது. நெல் பால் பிடிக்கும் நேரம். அன்றைய தண்ணீர் கடைசி மூலைவரை பாயாவிட்டால் மொத்தமும் பதர்தான். அந்த நேரம் பார்த்துக் கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். மூங்கிலும் கீற்றும் கலசத்துக்கு மேலே ஓராள் உயரம் நின்றன. சாமி காரியத்தில் நிழலைப் பற்றி யார் யோசித்தார்கள்?

நான் கஞ்சியோடு வயலுக்குப் போனபோது மூத்தார் எங்கள் மடையில் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பாதி வயல்கூட நனையவில்லை.

“அண்ணே, அது சாரத்து நெழலு. கலசத்து நெழலு கல்லுக்கு இன்னும் வர்ல, பாரு,” என்றார் இவர்.

“கல்லு மேல நெழலு வுழுந்துச்சா இல்லியா? அத்த சொல்லுடா.”

“கோயிலு கட்டனவன் மூங்கிலுக்கா கணக்கு போட்டான்?”

இவர் குனிந்து மடை மண்ணைக் கையால் வாரினார். மூத்தார் மண்வெட்டியைத் திருப்பிக் காம்பால் தலையில் போட்டார். கொல்ல வேண்டுமென்று அடிக்கவில்லை. கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னேன். அதற்காக என் பிறந்த வீட்டார் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். நடந்ததைச் சொன்னேனே தவிர, அந்த மனுஷனை நான் மன்னிக்கவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, வண்டியில் என் மடியில் இவர் போய்விட்டார்.

ஊரில் கூடிப் பேசி, எங்கள் முறையில் குறைந்த தண்ணீரை மறுநாளே ஈடு செய்தார்கள். வெகு நல்ல நியாயம்! ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் நானே போய் மடையைத் திறந்தேன். புருஷன் செத்த ஈரம் காயவில்லை, வயலில் நிற்கிறாள் பார் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பேசட்டும், பயிர் காத்திருக்காது.

பயிர் பிழைத்தது. அறுவடையானதும் அந்த அரிசியை வடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டேன். எனக்குத் தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தேன். பசித்தது, தின்றேன்.