கம்பத்துக்குள் தொங்கிய சங்கிலி

பழைய சைக்கிள் ட்யூப் சுற்றிய ஓர் இரும்புச் சங்கிலி என் மேசைமேல் கிடக்கிறது. மாடு கட்டுகிற சங்கிலியா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். என் மனைவியுடையது என்பேன். ஊரே சேர்ந்து அவளைப் 'பூகம்பத்தக்கா' என்று கேலி செய்ததெல்லாம் இதனால்தான்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் புதிதாக எழும்பிய ஒரு சினிமாக் கொட்டகைக்கு, பொறியியல் படித்த அவள்தான் கட்டட வேலையைப் பார்த்தாள். வாசலில் நெட்டையாக ஓர் இரும்புக் குழாய்க் கம்பம், உச்சியில் ஒலிபெருக்கி. பாட்டு பல மைல் தள்ளியிருக்கும் கீழப்பாவூர் வரை கேட்கவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. கம்பத்தின் அடியிலேயே பெண்கள் டிக்கெட் வாங்கும் வரிசை. நிலம் குலுங்கினால் ஆட்டம் பெருகிக்கொண்டே போய்க் கம்பம் முறியும், விழுவது அந்த வரிசையின்மேல்தான் என்றாள் இவள். குழாய்க்குள் ரப்பர் சுற்றிய சங்கிலியைத் தொங்கவிட்டால், அது உள்ளே மோதி மோதி ஆட்டத்தை அடக்கிவிடும் என்றாள்.

முதலாளி குதித்தார். "வாசல்லயே சங்கிலிச் சத்தமா? கொட்டகை வெளங்குமா? தென்காசிக்கு எந்தக் காலத்துலம்மா பூகம்பம் வந்துச்சு?"

"அது சொல்லிக்கிட்டா வரும் அண்ணாச்சி?"

"கம்பம் கல்லு மாதிரி நிக்கும். நான் அடியிலயே உக்காருதேன், பாரும்மா" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

விடுகிறவளா இவள்? உச்சியில் கயிறு கட்டி, ஆட்களை இழுக்கச் சொல்லி, சட்டென்று விடவைத்தாள். கம்பம் ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. முதலாளி துண்டைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினார். பிறகு சங்கிலியைத் தொங்கவிட்டு, மறுபடியும் இழுத்து விடச் சொல்லிவிட்டு, அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே சில மோதல்கள் கேட்டன, கம்பம் அடங்கிவிட்டது.

"ஆடட்டும் அண்ணாச்சி. ஆட்டம் சட்டுனு நிக்கணும், அதத்தான் சொல்லுதேன். சங்கிலியக் கழத்துனா, கொட்டகை உறுதின்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

சங்கிலி இருந்தது. பூகம்பம்தான் வரவில்லை, அவள் இருந்தவரை வரவே இல்லை. கேலியும் நிற்கவில்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாலும், "இன்னைக்குப் பூகம்பம் உண்டுமாக்கா?" என்பார்கள். "வந்தா மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் அனுப்புதேன்" என்பாள், சிரிக்காமல். எனக்குத்தான் ஆத்திரமாக வரும். இன்றுவரை அது ஆறவில்லை.

கொட்டகையை இடித்தபோது சங்கிலியைக் கேட்டு வாங்கி வந்தேன். அத்தனை வருஷம் சும்மாதானே தொங்கியது என்று இப்போதும் யாராவது இளித்தால், எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். வருஷந்தோறும் சாரல் காலத்துக் காற்று அந்தக் கம்பத்தைப் பிடித்து உலுக்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சங்கிலி உள்ளே மோதி அடக்கியதில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அத்தனை வருஷமும் பெண்கள் கீழே நின்று, அண்ணாந்து பார்க்காமல், டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.