கோழி, முள்சீத்தா, பெலண்டா

இன்று பாசிர் கூடாங் ஃபேக்டரி பஸ்ஸில், வெறும் எல்லைக்கோட்டை வைத்து ஐரோப்பிய நாடுகளைக் கண்டுபிடிக்கப் போனில் பழகிக்கொண்டிருந்தேன். அதுவரை ஒரு தப்பும் இல்லை.

அடுத்து, ஓடும் கோழி போல ஒரு நாடு வந்தது.

பக்கத்து சீட் செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். “இது வான்கோழிப்பா. மலாய்ல ஆயாம் பெலண்டா. பெலண்டான்னா நெதர்லாந்துதானே, அழுத்துங்க.”

அழுத்தினேன். அது ஸ்லோவேனியா.

அடுத்த படத்துக்கும் அக்கா அசரவில்லை. “ஓரமெல்லாம் முள்ளு முள்ளா, முள்சீத்தா மாதிரி இருக்கு. அதுக்குப் பேரு டுரியான் பெலண்டா. இதுவும் நெதர்லாந்துதான் லா.”

இன்னொரு முறை ஏமாறுவதா? டென்மார்க் என்று அழுத்தினேன்.

நெதர்லாந்து.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

நாளை பஸ்ஸில் வேறு யார் பக்கத்திலாவது இடம் இருந்தால் சொல்லுங்கள்.