ஜெர்மன் மொழியில் ‘பரவாயில்லீங்க’

இந்த ஊரில் டாக்டரைப் பார்க்கப் போனால், காத்திருக்கும் அறைக்குள் நுழைகிறவர் அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவாகக் ‘குட்டன் மோர்கன்’ என்று காலை வணக்கம் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் தூக்காமல் அதையே திருப்பி முனகுவார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெயர் கூப்பிடும்வரை ஒரு சத்தமும் இருக்காது. கோயமுத்தூரில் என் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம், பெஞ்சில் இடம் கிடைத்த மறு நிமிடமே பக்கத்தில் இருப்பவர் “ஏனுங்க, ஒடம்புக்கு என்னங்க?” என்று ஆரம்பித்துவிடுவார். டாக்டர் கூப்பிடுவதற்குள் பாதி வைத்தியம் பெஞ்சிலேயே முடிந்திருக்கும். இங்கே அவரவர் நோய் அவரவர் மடியில், பத்திரிகைக்கு அடியில் இருக்கிறது. வந்து சில ஆண்டுகள் ஆன பின்பும் அந்த அமைதிக்குள் நுழையும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அந்த வேர்வை ஒரு சனிக்கிழமையில் ஆரம்பித்தது.

நான் படித்த கல்லூரியிலிருந்து இப்போதும் ஏர்மெயிலில் கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: “அக்கா, இன்டர்ன்ஷிப்புக்கு வர எவ்வளவு ஜெர்மன் தெரிந்தால் போதும்?” கேட்பவர்களை எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் கிளம்பினேன். டெக்ஸ்டைல் டெக்னாலஜி இறுதியாண்டில், நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தெற்கு ஜெர்மனியில் தறி செய்யும் ஒரு கம்பெனிக்கு, ஜெர்மனும் தமிழும் தெரிந்த ஒரு மாணவர் ஆறு மாதப் பயிற்சிக்கு வேண்டும். அவர்கள் அதைப் ‘பிராக்டிகும்’ என்பார்கள். ஆர்.எஸ்.புரத்தில் மாலை வகுப்புக்குப் போய் நான் அந்த மொழியைப் படித்ததே என் அப்பாவின், நாங்கள் கூப்பிடுகிறபடி அத்தாவின், கடையால்தான். கோட்டைமேட்டுக்குப் பக்கத்தில் அத்தா மில்களுக்குப் பெல்ட்டும் பேரிங்கும் விற்றுக்கொண்டிருந்தார். வரும் கேட்லாக்குகளில் பாதி ஜெர்மனில் இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்லப் படித்தேன். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றபோது அத்தா மட்டும், “பாஷை தெரிஞ்ச புள்ளைக்கு என்ன பயம்?” என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவர் சொன்னது பாதிதான் சரி என்று வந்த சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. மொழி தெரிந்தால் பயமும் நன்றாகப் புரியும்.

கம்பெனிக்குத் தமிழ் எதற்கு வேண்டியிருந்தது என்றால், நாச்சிமுத்து அண்ணனுக்காக. கோயமுத்தூர் நெசவு மில் ஒன்று அவர்களிடம் புதுத் தறிகள் வாங்கியிருந்தது. அவற்றைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள அந்த மில்லின் மூத்த ஃபிட்டரை அனுப்பியிருந்தார்கள். காங்கேயத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். பெட்டியில் பருப்புப்பொடி, தேங்காய் எண்ணெய், மகளின் போட்டோ. பகல் முழுவதும் அவர் பக்கத்தில் நின்று மேஸ்திரி சொல்வதைத் தமிழாக்குவது என் வேலை. அவர் எதற்கும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. உப்பில்லாத உருளைக்கிழங்கு வைத்தாலும், கை மரத்துப்போகும் குளிரிலும், “பரவாயில்லீங்க அம்மணி” என்பார். ஒரு மாலை ரயில் நிலையத்தில் எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து மொட்டையடித்த பையன்கள் சிலர் எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். ஏதோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்து அண்ணன் கையைத் தூக்கி, “வணக்கமுங்க” என்றார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. வெளிநாட்டுக்காரர்களான எங்களை எங்கே அனுப்ப வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரயில் வந்து நடுவில் மறைக்கும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “என்னங்க சொன்னாங்க?” என்று கேட்டார். “சும்மா வணக்கந்தானுங்கண்ணா” என்றேன். அன்றிலிருந்து அறைக்கு வந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியதை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை மதியத்தோடு இங்கே கடைகளையெல்லாம் மூடிவிடுவார்கள். அதற்குள் இருவரும் சேர்ந்து காய்கறி வாங்கப் போவது வழக்கம். அன்று அண்ணன் வரவில்லை. அவர் தங்கியிருந்தது ஒரு பேக்கரியின் மாடி அறையில். கதவைத் தட்டினேன். “வாரேனுங்க” என்று குரல் வந்தது, ஆள் வரவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனால், கட்டிலில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார்.

“ஒண்ணுமில்லீங்க அம்மணி. வவுறு கொஞ்சம் நோவுது. சரியாப் போயிருமுங்க.”

நெற்றியைத் தொட்டேன். சுட்டது. கீழே ஓடி பேக்கரிக்காரம்மா ஃபிராவ் லென்ட்ஸிடம் சொன்னேன். அவர் மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், ரொட்டி கொண்டுபோகும் வேனில் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். ரொட்டி வாசனை நடுவில் அண்ணன் மடங்கி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மதியம் தாண்டித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். வார இறுதி டியூட்டியில் இருந்த டாக்டர் இளைஞர். கண்ணெல்லாம் சிவந்து களைத்திருந்தார். கூட ஹெல்கா என்ற நர்ஸ். டாக்டர் கேட்க, நான் தமிழில் கேட்க, அண்ணன் பதில் சொல்ல, நான் ஜெர்மனில் சொன்னேன். தொழிற்சாலையில் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் எனக்குத் தெரிந்தது இயந்திரத்தின் ஜெர்மன். கியர், ஷாஃப்ட், ஸ்ப்ரிங், எல்லாவற்றுக்கும் வார்த்தை உண்டு. மனித உடம்புக்குள் இருப்பவற்றுக்கு ஒரு வார்த்தையும் நான் படித்திருக்கவில்லை.

வயிற்றை அழுத்தி, “வலிக்கிறதா?” என்று கேட்டார் டாக்டர்.

“பரவாயில்லீங்க” என்றார் அண்ணன். நான் அதை அப்படியே, “பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது” என்றேன்.

“காலையைவிட?”

“இப்பத் தேவலீங்க.” அதையும் சொன்னேன்.

அடுத்து டாக்டர் கேட்டது ‘ஷ்டூல்காங்’. தொழிற்சாலையில் தறிக்கு ‘வெப்ஷ்டூல்’ என்றும் சுருக்கமாக ‘ஷ்டூல்’ என்றும் சொல்வார்கள். ‘காங்’ என்றால் ஓட்டம். மனிதர் வேலையைப் பற்றி விசாரிக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

“அண்ணா, தறி ஓட்டம் எப்படின்னு கேக்கறாருங்க.”

வலிக்கு நடுவிலும் அண்ணனின் முகம் மலர்ந்தது. “நல்லா ஓடுதுங்க. மூணு ஷிப்டும் நிக்காம ஓடுதுன்னு சொல்லுங்க அம்மணி.”

“மிக நன்றாக. இரவும் பகலும், நிற்காமல்” என்றேன்.

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். எதையோ எழுதினார். வயிற்றில் தொற்று, இந்த வாரம் ஊரெல்லாம் இருக்கிறது, அறைக்குப் போய் நிறையத் தேநீர் குடிக்கட்டும், மோசமானால் திங்கட்கிழமை வரட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அண்ணன் கைகூப்பினார். நான் அவருடைய சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஹெல்கா பரிவோடு வராந்தாவின் மூலையைக் காட்டி, “கிளம்புமுன் டாய்லெட் போய்க்கொள்ளச் சொல். இவ்வளவு ஷ்டூல்காங் உள்ளவர் வழியில் என்ன செய்வார்?” என்றாள்.

“தறிக்கும் டாய்லெட்டுக்கும் என்ன?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வதுபோல் குந்தி உட்காருவது மாதிரி ஜாடை காட்டினாள். டாக்டர் கேட்டது தறி ஓடுவதை இல்லை, மலம் போவதை.

ஒரு வேற்று ஆணிடம் அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரெண்டு நாளாப் போகவே இல்லீங்க.”

“வலி நெசமா எப்படி இருக்குதுங்கண்ணா?”

“அதாம் பரவா…”

“எங்கிட்ட வேண்டாமுங்க. நெசத்தைச் சொல்லுங்க.”

“வெட்டரிவாளை உள்ளார வெச்சுத் திருப்பற மாதிரி இருந்துதுங்க. மத்தியானம் பொட்டுனு என்னமோ உட்டுப்போச்சு. அப்புறந்தாங்க தேவல. ஆனா உசுரே தனியா நிக்கற மாதிரி இருக்குதுங்க. டாக்டரு பாவம், தூக்கமில்லாம இருக்காரு. நாம வேற எதுக்குங்க தொந்தரவு?”

ஊரில் நோயாளியை யார் கேட்கிறார்கள்? டாக்டர் கூட வந்தவரைத்தான் பார்ப்பார். கூட வந்தவர்தான், “அவரு அப்படித்தானுங்க சொல்லுவாரு, நேத்தெல்லாம் துடிச்சுப்போட்டாரு” என்று உண்மையை உடைப்பார். இங்கே நோயாளியின் வாயை மட்டுமே நம்புகிறார்கள். கூட வந்தவர் வாசலில் நிற்க வேண்டியவர். நான் காலையிலிருந்து வாயாக மட்டும் இருந்திருக்கிறேன். கூட வந்தவளாக இருக்கவில்லை.

வராந்தாவில் ஓடிப்போய் டாக்டரை நிறுத்தினேன். நான் சொன்னது தவறு, அந்த வார்த்தையை வேறாக நினைத்துவிட்டேன், இரண்டு நாளாக எதுவும் போகவில்லை, மதியம் ஏதோ அறுந்ததுபோல் இருந்ததாம், வலி பயங்கரமாக இருந்திருக்கிறது என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

“பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாரா, இல்லையா?”

“சொன்னார்.”

“அப்படியானால்?”

“எங்கள் பக்கத்தில் அதற்கு அப்படி அர்த்தமில்லை.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “வேறு எதையெல்லாம் தவறாகச் சொன்னாய்?”

தெரியாத தவறு எத்தனை என்று எப்படிச் சொல்வது? இந்த மனிதரின் வயிற்றை அறுத்தாலும் என் வார்த்தையால், அறுக்காமல் விட்டாலும் என் வார்த்தையால் என்று புரிந்தது. பிளாட்பாரத்துப் பையன்களுக்கு நான் பயந்தது என் உயிருக்காக. இது வேறு பயம். ஒரு பெண்ணின் தகப்பனை என் வாயில் வைத்துக்கொண்டு நிற்கும் பயம்.

“முகத்தைப் பார்க்காதீர்கள்” என்றேன் கடைசியில். “அவர் சிரிப்பார். காலைப் பாருங்கள்.”

டாக்டர் திரும்பி வந்து அண்ணனை மறுபடி படுக்கவைத்தார். வயிற்றின் வலது பக்கத்தை மெதுவாக அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அண்ணன் சிரித்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த அவருடைய கால்விரல்கள் இறுக மடங்கின. பெருவிரல் வெளுத்துப்போனது. கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. டாக்டர் ஹெல்காவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்திருந்தாள்.

‘பிளிண்ட்டார்ம்’ என்றார். பிளிண்ட் என்றால் குருடு என்று தெரியும். கண்ணுக்கு என்ன என்று பதறினேன். இந்த முறை யூகிக்கவில்லை. “வரைந்து காட்டுங்கள்” என்றேன். தாளில் குடலையும், அதன் முனையில் புழு மாதிரி ஒரு வாலையும் வரைந்தார். அப்பெண்டிக்ஸ். வெடித்திருக்கலாம், உடனே அறுக்க வேண்டும் என்றார். அதற்கு அண்ணன் சம்மதிக்க வேண்டும்.

அண்ணனுக்குச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அம்மணி, உங்க கூடப் பொறந்தவனா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?”

எனக்கு வயது இருபத்தொன்று. அத்தாவைக் கேட்க வேண்டுமென்றால்கூட அவர் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு லைன் கிடைக்க வேண்டும்.

“அறுக்கச் சொல்லுவேனுங்கண்ணா.”

“அப்பச் சரிங்க.” கண்ணை மூடிக்கொண்டார். “ஊட்ல மட்டும் இப்பச் சொல்லிப்போடாதீங்க. பயந்துக்குவாங்க.”

கதவுகள் அவரை உள்ளே வாங்கிக்கொண்டன. ஹெல்கா என்னிடம், “நீ ‘ஆங்கெஹூரிகெ’யா?” என்று கேட்டாள். உறவுக்காரர், அவரைச் சேர்ந்தவர் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள்தான் உள்ளே உட்காரலாம். ஆமாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து அல்லாஹ்விடம் துஆ கேட்க வாயெடுத்தால், மனதுக்குள் அரபு வார்த்தைகளுக்கு நடுவே ஷ்டூல்காங்கும் பிளிண்ட்டார்மும் வந்து நின்றன. எதைக் கேட்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் நீளமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றேன்.

டாக்டர் வெளியே வந்தபோது முகமூடி கழுத்தில் தொங்கியது. வெடித்துத்தான் இருந்தது, அறைக்கு அனுப்பியிருந்தால் திங்கட்கிழமை வரை தாங்கியிருக்க மாட்டார் என்றார். கையை நீட்டினார். என் கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டு விட்டார். அண்ணன் இப்போது காங்கேயத்தில் நன்றாக இருக்கிறார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. நான் மேற்படிப்புக்கு இங்கேயே தங்கிவிட்டேன். எவ்வளவு ஜெர்மன் போதும் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல எனக்கு இன்னும் சரியான பதில் தெரியவில்லை. அன்று மாலை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மயக்கம் தெளியும் அறைக்கு என்னைக் கூட்டிப்போனாள் ஹெல்கா. அவள் கட்டிலின் ஒரு பக்கம் நின்று சலைன் பாட்டிலைச் சரிசெய்தாள். நான் மறுபக்கம் நின்றேன். அண்ணன் மெல்லக் கண் திறந்து, உலர்ந்த உதட்டை அசைத்தார். “முடிஞ்சுதுங்களா அம்மணி?” என்ன சொல்கிறார் என்று ஹெல்கா கேட்டாள். நான் அவர் பக்கம் குனிந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனிப் பயமில்லை என்று அன்போடு சொன்னேன். பிறகு ஹெல்காவைப் பார்த்து, “முடிஞ்சுதான்னு கேக்கறாருங்க” என்றேன்.

அண்ணனின் கண்ணில் ஒரு மிரட்சி. ஹெல்காவின் கை பாட்டிலிலேயே நின்றுவிட்டது. அவரிடம் ஜெர்மனிலும் அவளிடம் தமிழிலும் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் எந்த மொழி பேசுகிறது என்றே எனக்குத் தெரியவில்லை என்று, அந்த நாளில் அதுவரை படாத பயம் ஒன்று என்னைப் பிடித்தது. கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் முதலில் திரும்புவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன்.