படலை மட்டும்

செல்வமணியக்காவின் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காலில் எடை தொங்கவிட்டு, முறிந்த தொடை எலும்பு பொருந்திய பிறகுதான் வீட்டுக்கு விட்டோம். இனி வோக்கர் சட்டத்தைப் பிடித்து நடக்க வேண்டும் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்து உரும்பிராயில் அவருடைய வீட்டுக்குப் போனால் அவர் இன்னும் படுக்கையில். தசை வற்றிப் போயிருந்தது.

அது தொண்ணூற்றொன்று, சண்டைக் காலம். பெற்றோல் இல்லாததால் நோயாளிகள் கிளினிக்குக்கு வரமுடியாது. பிசியோதெரபி செய்யும் நான்தான் சைக்கிளில் போவேன்.

"எழுப்பாதையுங்கோ மிஸ், பொருந்தின எலும்பு விலகிப்போம்" என்றார் அவருடைய கணவர் சிவமண்ணை.

"எலும்பு விலகாது அண்ணை. இப்பிடியே படுத்தால்தான் முழங்கால் இறுகிப்போம். பிறகு நடக்கேலாது."

அண்ணை கேட்டாலும் பார்க்க வருகிறவர்கள் விட வேண்டுமே. தோடம்பழத்தோடு வருவார்கள். அக்கா அசைந்தால் போதும், "படு பிள்ளை, படு" என்பார்கள். நான் கோபக்காரி. இரண்டு பெரிய மனுசிகளை ஒருநாள் வெளியே போகச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை அந்த வீட்டு வளவில் எவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அண்ணை தேத்தண்ணி போடப் போன நேரம் அக்கா என் கையைப் பிடித்தார்.

"இந்த மனுசன்தான் எனக்குக் கட்டிலிலையே சட்டி வைச்சு எடுக்கிறார், மிஸ். ஒருநாளும் முகம் சுளிச்சதில்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. வீட்டுக்குப் பின்னுக்கு இருக்கிற கக்கூசுக்கு நானே போகவேணும்."

"போட்டு வாறன் அக்கா" என்று எழும்பினேன். உடனே அவருடைய நல்ல கால் கட்டிலை விட்டு இறங்கித் தரையைத் தேடியது. வீட்டுக்கு வந்தவரைத் தெருவாசல் படலை மட்டும் போய் வழியனுப்பாமல் அவரால் இருக்க முடியாது.

அவருக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த பயிற்சித் தாளைக் கிழித்துப் போட்டேன். "இனி ஆர் வந்தாலும் அக்காதான் வழியனுப்பவேணும்" என்று அண்ணையிடம் சொன்னேன். மரியாதை விசயம் என்பதால் எவராலும் மறுக்க முடியவில்லை. படு என்றவர்களே அவருடைய வோக்கருக்குப் பக்கத்தில் மெதுவாக நடந்தார்கள். முதலில் அறை வாசல், பிறகு முற்றம், பிறகு படலை. நாளுக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். அத்தனை தடவை நடக்கச் சொல்ல எனக்குத் துணிவு வந்திராது.

ஒரு பின்னேரம் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. சிவமண்ணை முற்றத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"பின்னுக்குப் போயிருக்கிறாள், மிஸ். என்னை வரவேண்டாமெண்டிட்டாள்."

நானும் அவருக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அன்றிலிருந்து எந்த நோயாளியிடமும் நான் முதலில் கேட்பது, எழும்பினால் எங்கே போக ஆசை என்பதைத்தான்.