காந்தமில்லாத துண்டு

ஆய்வக உதவியாளர் ரஹீம் காலையில் அழைத்தார். "சார், பிலோமினா மேடம் போயிட்டாங்க. மாரடைப்புங்க" என்றார். பிறகு, "கருவியில ஒரு துண்டு ஏத்தி வெச்சிருக்காங்க. எடுத்துறட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உங்களில் பலர் அவரை வகுப்பில் கண்டவர்கள். அதே இயற்பியல் துறையில் ஓய்வு பெற்ற நான், வாரம் இருமுறை சரவணம்பட்டிக்குப் பேருந்து ஏறி அவருடைய ஆய்வகத்துக்குப் போவேன். அங்கே நடந்த வேலைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலமென்றால் கயிறு அசையாது. அதற்காக யாரும் இழுக்கவில்லை என்று ஆகிவிடாது. அவருடைய படிகமும் அப்படித்தான். ஏடு ஏடாக அடுக்கியது. ஓர் ஏட்டின் அணுக்காந்தங்கள் ஒரு பக்கம் பார்த்தால் அடுத்த ஏட்டில் எதிர்ப்பக்கம் பார்க்கும். வெளியே காந்தம் இருப்பதே தெரியாது. அந்த வரிசையை மின்சாரத்தாலேயே திருப்ப முடிந்தால், பக்கத்தில் வேறு காந்தம் வந்தாலும் எளிதில் கலையாத நினைவகம் கிடைக்கும். படிகத்தின்மேல் மெல்லிய பிளாட்டினப் பட்டை பூசி மின்துடிப்பு அனுப்புவார். கருவி காட்டும் மின்தடை மாறினால் வரிசை திரும்பியிருக்கலாம்.

போன வருடம் மாறியது. ரஹீம் காந்திபுரம் போய் ஜிலேபி வாங்கி வந்தார். கட்டுரை தயார், ஆய்வுத் திட்டத்தின் நீட்டிப்பே அதை நம்பித்தான் இருந்தது. "இருங்க சார், காந்தமில்லாத துண்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாரேன்" என்றார் பிலோமினா. அது கண்ணாடிமேல் பிளாட்டினம் மட்டும் பூசிய துண்டு. அதிலும் மின்தடை அதேபோல் ஏறி இறங்கியது.

யார் கேட்கப்போகிறார்கள், கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று சொன்னவன் நான்தான். அவர் கோபப்படவில்லை. "பட்டை சூடானத, காந்தம் திரும்புச்சுன்னு நெனச்சுப்போட்டோம் சார். ஜிலேபி மட்டுந்தான் நெசம். சாப்பிடுங்க."

நீட்டிப்பு கிடைக்கவில்லை. மற்றவர்கள் கருவியை விட்டுக்கொடுத்த நேரங்களில் மின்னோட்டத்தைக் குறைத்து, துடிப்பைச் சுருக்கி, மறுபடி ஆரம்பித்தார். சென்ற மாதம் காந்தமில்லாத அந்த வெறும் துண்டில் மின்தடை அசையாதிருக்க, படிகம் மட்டும் பதில் சொன்னது. கடைக்குக் கிளம்பிய ரஹீமைத் தடுத்தார். "இன்னும் ரெண்டு படிகம் இதையே சொல்லட்டுங்க." அவற்றில் ஒன்று சொல்லிவிட்டது.

கருவியில் இப்போது இருப்பது வெறும் துண்டு. அந்த ஜிலேபி நாளுக்குப் பிறகு எப்போதும் அதைத்தான் முதலில் அளப்பார். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எனக்கென எடுத்துக்கொள்கிறேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது, திங்கட்கிழமை வருகிறேன் என்று ரஹீமிடம் சொன்னேன். மிச்சமுள்ள படிகத்தை அளப்போம். இல்லை என்று வந்தாலும், அவர் பெயரில் அதை அப்படியே எழுதுவோம்.